கார்த்திகை இருட்டிலும் விடாமல்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, எங்கள் ஆலயத்தின் கீழ்மண்டபத்தில் 11 பேர் கூடினோம். வாலிபர் 8 பேர், அவர்களைக் கூட்டிவந்த பெற்றோர் 3 பேர். எங்களில் இருவர் தாதியர். வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்வது என்று தீர்மானித்து, ஒரு கொப்பியில் பெயர்களை எழுதினோம். பங்குனியில் 6 பேர் வந்தோம். புரட்டாதியில் 3 பேர். கார்த்திகையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்து, ரொறன்ரோ பின்னேரம் 5 மணிக்கே இருண்டபோது, மண்டபத்துத் திறப்பை வாங்க ஒருவரும் போகவில்லை.

அடுத்த வருடமும் ஏறக்குறைய அதே கதைதான்.

சோம்பல் என்றுதான் நினைத்தோம். கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. ஒருவருக்குச் சோதனை வாரம். ஒருவருக்கு நான்கு இரவு வேலை சேர்ந்தாற்போல் வந்தது. ஆடியில் விடுமுறை வேதாகமப் பள்ளி, மார்கழியில் கரோல். எல்லாம் நியாயமான காரணங்கள். எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துபோகும் காரணங்கள். "இனி வரமாட்டேன்" என்று எவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் தவறியது, அடுத்த வாரம் முகம் காட்ட வெட்கமாக இருந்தது, "வாற மாசம் ஒழுங்காத் தொடங்குவம்" என்று மனம் சொன்னது. அந்த மாதம் வரவேயில்லை.

எங்களைத் திரும்பக் கூட்டியவர் ஓர் அன்ரி. வயது 68. முந்தைய மாசியில் பஸ் தரிப்பிடத்தில் உறைபனியில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் பயத்தில் ஆறு வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். திரும்ப ஆராதனைக்கு வந்த ஞாயிறு, பாட்டுக்கு எல்லோரும் எழும்பினோம், அவர் எழும்பவில்லை. பிறகு எங்கள் கையைப் பிடித்துச் சொன்னார்: "பக்தி குறையேல்லைப் பிள்ளை, கால்தான் சொல்லுக் கேக்குதில்லை."

ஆஸ்பத்திரியில் இதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஆரோக்கியமான முதியவரே பத்து நாள் படுக்கையில் கிடந்தால் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விடும். போவது சுலபம், அந்த வயதில் திரும்பச் சேர்ப்பது கடினம். முப்பது வயதைத் தாண்டிய பின், பயிற்சி இல்லாத உடலில் தசை ஒவ்வொரு பத்தாண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தம்பி தங்கைமாரே, இருபதில் நீங்கள் சேர்ப்பதுதான் அறுபதில் செலவழிக்க இருக்கும் சேமிப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும் பங்கை உள்ளே எடுப்பது தசைதான். தெற்காசியரான எங்களுக்கு, மற்றவர்களை விட இளம் வயதிலும், உடல் பருமன் குறைவாக இருக்கும்போதும் நீரிழிவு வருகிறது. ஞாயிறு மதியம் ஆலயத்தில் சோறும் கறியும் சாப்பிடும் எங்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வலுப் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கனடாவின் வழிகாட்டலும் அதையே சொல்கிறது. கோடையில் கையில்லாத ரீசேர்ட் போடுவதற்காக வைகாசியில் தொடங்கி ஆவணியில் விடுவது இதற்கு உதவாது. பெண் பிள்ளைகளும் பயப்படவேண்டாம். இந்த அளவு பயிற்சியில் தோள் பெருத்து ஆண்பிள்ளை போல் ஆகிவிடமாட்டீர்கள்.

ஆகவே மூன்றாவது வருடம் மூன்று விஷயங்களை மாற்றினோம்.

முதலாவது, முடியாத வாரத்துக்கு ஒரு சின்ன அளவு வைத்தோம்: ஒரே ஒரு நாள், 20 நிமிடம். பாரத்தைக் குறைப்பதில்லை, சுற்றுகளை மட்டும் குறைப்போம். இது வெறும் ஆறுதல் அல்ல. ஏற்கெனவே பெற்ற பலத்தை, தூக்கும் பாரம் குறையாதவரை, வாரத்தில் ஒரு நாள் பயிற்சியாலேயே இளவயதினர் சில மாதங்களுக்குக் காப்பாற்றிக்கொள்ளலாம். இரண்டு வாரம் முற்றாக நின்றாலும் பலம் பெரிதாகக் குறையாது. ஆகவே "எல்லாம் போச்சு" என்று சொல்ல இடமில்லை.

இரண்டாவது, வருடத் தொடக்கத்திலேயே கலண்டரில் கஷ்டமான வாரங்களைக் குறித்தோம்: சோதனை, முகாம், கரோல், இரவு வேலை. இருட்டும் உறைபனியும் உள்ள நாட்களில் மண்டபத்துக்கு வராமல் வீட்டிலேயே செய்ய ஐந்து அசைவுகளைப் பழகினோம். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருத்தல். குசினி மேசை விளிம்பில் கை ஊன்றி உடலைத் தள்ளுதல். புத்தகப் பைக்குள் 10 இறாத்தல் அரிசிப் பையை வைத்து, முன்னுக்குக் குனிந்து அதை வயிற்றுப் பக்கம் இழுத்தல். அதே பையை, முதுகை வளைக்காமல், இடுப்பை மடித்து நிலத்திலிருந்து தூக்குதல். கையில் பிடித்தபடி ஒரு நிமிடம் நடத்தல். நடப்பதைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. முடிக்கும்போது இன்னும் இரண்டு தடவைதான் செய்யமுடியும் என்ற நிலை இருக்கவேண்டும். சுலபமானால் அரிசியைக் கூட்டுங்கள்.

மூன்றாவது, வராதவருக்கு அன்றிரவே ஒரு போன். பிரசங்கம் இல்லை. "உங்கட கதிரை சும்மா கிடக்குது, வாற செவ்வாய் பாப்பம்" என்று மட்டும். திரும்பி வருபவரிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. முதல் நாள் அவருக்குப் பாதிச் சுற்றுதான்.

தாதியராக ஒரு சொல். தூக்கும்போது மூச்சை அடக்கவேண்டாம். நெஞ்சு நோவு, தலைச்சுற்று, வழமையில்லாத மூச்சு வாங்கல் வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு நோவு தணியாவிட்டால் 911ஐ அழையுங்கள். இருதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சீனியைப் பாருங்கள். காய்ச்சல் என்றால் ஓய்வுதான். சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு, தயிர் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்.

சென்ற வருடக் கொப்பியில் ஒருவரும் செய்யாத வாரங்கள் நான்கு உண்டு. நான்குக்குப் பிறகும் ஐந்தாவது வாரம் பெயர்கள் இருக்கின்றன. முன்பு இல்லாதது அதுதான்.

அந்த அன்ரியும் வருகிறார். தொடக்கத்தில் கை ஊன்றாமல் ஒருதரம்கூட அவரால் எழும்ப முடியவில்லை. கதிரையில் இரண்டு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டினோம். பிறகு ஒன்றை எடுத்தோம். ஐப்பசியில் மற்றதையும் எடுத்தோம். மார்கழியில் 30 விநாடியில் 9 தடவை எழும்பினார். அவருடைய வயதுப் பெண்களுக்கு 11க்குக் குறைந்தால் குறைவுதான். அவருக்கும் அது தெரியும். கரோல் ஆராதனையில் முதல் இரண்டு பாட்டுக்கும் எழும்பி நின்றார். மூன்றாவதுக்கு இருந்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

செவ்வாய் இரவு 7 மணி, சனி காலை 9 மணி, கீழ்மண்டபம். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவாருங்கள். கதிரை எங்களிடம் நிறைய இருக்கிறது.