சண்டை முடிஞ்சாச்சு, தோட்டா மட்டும் ஏன் பாயுது?

பிள்ளைச்சாவடி:
புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவர் ஊர் பிள்ளைச்சாவடி. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் அலையில் வீடுகள் இடிந்து விழுந்தன. ஜனங்கள் கொதித்தெழுந்து சாலை மறியலில் குதித்தார்கள். கரைக்கு ஆபத்து என்றால் ரோட்டை மறிக்கலாம்.

நடுக்கடலில் துப்பாக்கி வெடித்தால் எதை மறிப்பது?

நெடுந்தீவு அருகே...

2025 ஜனவரி 28, விடியற்காலை. இதே புதுவை சர்க்காருக்கு உட்பட்ட காரைக்காலிலிருந்து போன படகு. உள்ளே 13 மீனவர்கள். நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டது. 2 பேருக்குப் பலத்த காயம். 13 பேரும் கைது! இலங்கைத் தூதரக அதிகாரியை வரவழைத்து டெல்லி கண்டித்தது.

இலங்கையில் போர் முடிந்தது 2009 மே மாதம். 'புலிகளைத் தேடுகிறோம்' என்ற சாக்கும் அன்றோடு போச்சு. எல்லை தாண்டினால் பிடிக்கட்டும், கேஸ் போடட்டும். சுடுவானேன்?

அங்கேயும் கொதிப்பு

எதிர்க்கரையில் இருப்பவனும் தமிழன்தான். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து மீனவனுக்குக் கடலில் ஏகப்பட்ட கட்டுப்பாடு. சண்டை ஓய்ந்து வலை விரித்தால், இங்கிருந்து போகும் இழுவைப் படகு அதை அறுத்துவிடுகிறது என்று அவன் குமுறுகிறான். இழுவை மடிக்கு 2017-ல் இலங்கை தடைச் சட்டமே போட்டது.

1974-லும் 1976-லும் கடலில் கோடு போட்டது டெல்லியும் கொழும்பும். அடுப்பு அணைவதோ இரண்டு கரையிலும்! மீனவனும் மீனவனும் முறைத்துக்கொண்டு பயனில்லை. கோடு போட்டவர்கள்தான் உட்கார்ந்து பேசி வழி சொல்லவேண்டும்.