பொங்கலுக்கு வரும் வெளிநாட்டு விருந்தினருக்குக் கீற்றுக் குடில்

சென்னை திருவான்மியூரில் 1936-இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரா உள்ளது. டிசம்பரில் அங்கு நடைபெறும் கலை விழாவுக்கும், மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்கும் வெளிநாட்டு இளைஞர்கள் வருகின்றனர். பொங்கலைக் கிராமத்தில் காணும் ஆவல் அவர்களில் சிலருக்கு உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களிலுள்ள சிறு விவசாயிகள் நான்கைந்து நாள் தங்க இடமளித்தால் ஓரளவு உபரி வருமானம் பெறலாம். இதற்காகக் கடன் வாங்கி அறை கட்ட வேண்டியதில்லை.

குடில் அமைத்தல்

தென்னை ஓலையைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து முடைந்தால் கீற்று நீடித்து உழைக்கும். சவுக்குக் கம்புகளை நட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி, கூரையைச் சரிவாக வேய வேண்டும். தரையை ஓர் அடி உயர்த்தி மெழுகினால் ஈரம் ஏறாது. இரண்டு கட்டில், கொசுவலை, காய்ச்சி ஆறிய குடிநீர், தாழ்ப்பாளுள்ள சுத்தமான கழிப்பறை ஆகியவை அவசியம். கடற்கரைக்கு அருகில் நிலமுள்ளவர்கள் முன்கூட்டியே அனுமதி பற்றி விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தீ எச்சரிக்கை

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டனர். ஆகவே குடிலுக்குள் அடுப்பு, கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி கூடவே கூடாது. வைக்கோல் போரும் பொங்கல் அடுப்பும் தொலைவில் இருக்கட்டும். போகி நெருப்பின் பொறி காற்றில் பறந்து வரும். அன்று கூரையை நனைத்து வைப்பது நல்லது. இரு பக்கமும் வாசல், கையெட்டும் தூரத்தில் தண்ணீர்த் தொட்டி, மணல் வாளி தேவை. ஒட்டுப்போட்ட மின்கம்பியைக் கூரையில் இழுக்கக் கூடாது.

சட்டம் சொல்வது

வெளிநாட்டவர் தங்கினால், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் அயல்நாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையதளம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். 'சி' படிவம் என்று பல்லாண்டுகள் வழங்கி வந்த இந்தக் கடமை, 2025 செப்டம்பர் 1 முதல் அமலாகும் புதிய குடிவரவுச் சட்டத்திலும் தொடர்கிறது. இதற்கு வீட்டுக்காரர் தம் பெயரை முதலில் பதிந்துகொள்ள வேண்டும். மார்கழிக்கு முன்பே, கணினி தெரிந்த ஒருவர் துணையுடன் இதை முடித்துவிடலாம். விருந்தினரின் பாஸ்போர்ட், விசா விவரங்களைக் குறித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை உடனே திருப்பித் தர வேண்டும். தங்கும் வீடாகப் பதிவு செய்யும் முறையை மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டறியலாம்.

சுற்றுலா விசாவில் வந்தவரைக் கூலிக்கு அறுவடையில் இறக்கக் கூடாது. நெல் அறுப்பதையும் மாட்டுப் பொங்கலையும் அவர்கள் பார்த்து மகிழ்ந்தால் போதும்.

கட்டணத்தை முதல் நாளே பேசி, எழுதிக் கொடுப்பது நல்லது. முதல் ஆண்டு ஒரே ஒரு குடில் போட்டுப் பார்த்து, வரவு செலவு கண்ட பிறகு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம். பொங்கல் முடிந்ததும் குடிலைப் பிரித்தால் கம்பும் கயிறும் அடுத்த ஆண்டுக்கு உதவும். மக்கிய கீற்று தோப்புக்கே உரமாகும்.