அறச்சாலையும் உழைப்பில்லமும்

ஆங்கில நாவல்களில் வரும் 'ஒர்க்ஹவுஸ்' என்னும் சொல்லைத் தமிழில் பெயர்க்கப் புகுவார்க்கு அறச்சாலை, அன்னசத்திரம் என்னும் சொற்களே முதற்கண் தோன்றும். அவை பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம். அதற்குத் துணையாவது, அத்தகைய இல்லமொன்றிலேயே அமைந்த வட்டார வரலாற்றுக் காட்சியகம் ஆகும்.

இங்கிலாந்து நாட்டின் நார்ஃபோக் பகுதியில் கிரெசன்ஹால் என்னும் சிற்றூர் உளது. அங்கு 1777ஆம் ஆண்டில் வறியோர்க்கெனச் செங்கல்லாற் பெருமனை ஒன்று எழுப்பப்பட்டது. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தத்திற்குப்பின் அதன் இயல்பு கடுமையுற்றது. உள்ளே வாழ்வோர் நிலை, வெளியே கூலிக்கு உழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் நிலையினும் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. ஆதலின் கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டனர். மக்களும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். உணவுக்கு ஈடாக உழைப்புப் பெறப்பட்டது. மணமாகாத் தாயர் அங்கே தனியொரு மேற்சட்டை அணிவிக்கப்பெற்று அடையாளங் காட்டப்பட்டனர். இத்தகைய இழிவு உடையை வறியோர் சட்ட ஆணையர் 1839இல் கண்டித்தனர் என்பதும் அறியத்தக்கது.

1948இல் வறியோர் சட்டம் ஒழிந்தது. அதன்பின் முதியோர் இல்லமாக விளங்கிய அம்மனை, 1976இல் காட்சியகமாயிற்று. உழவுக் கருவிகளும் நாட்டுப்புற வாழ்வின் பொருள்களும் அங்கே இடம்பெற்றன. எனினும் அம்மனையே அங்குள்ள முதற் காட்சிப்பொருள் என்பது எம் கருத்து. ஏனெனில், அங்கு வாழ்ந்தோருள் பெரும்பாலோர் தம் கதையைத் தாமே எழுதி வைத்தாரல்லர். பதிவேடுகளை எழுதினோர் அவரை ஆண்டோரே. எழுதாதார் வாழ்வுக்குச் சுவரும் முற்றமுமே சான்று பகர்கின்றன.

இனிச் சொல்லுக்கு வருவோம். அறச்சாலை ஈவோன் அருளைக் குறிப்பது. இவ்வில்லமோ ஏற்போனை அஞ்சுவித்து அகற்றக் கருதியது. சிறை என்பதும் முற்றும் பொருந்தாது. முன்னறிவித்து வெளியேற உரிமையுண்டு, வெளியே உணவுதான் இல்லை. மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய வரலாற்றைக் கூறுகின்றது. 1834ஆம் ஆண்டுச் சட்டமோ அறக்கோட்டமாதற்குரிய இடத்தைச் சிறைக்கோட்டத்தின் அருகே கொண்டு நிறுத்திற்று. எனவே 'வறியோர் உழைப்பில்லம்' என்னும் பெயரே ஏற்புடைத்து என்பது எம் துணிபு. அறச்சாலை என மொழிபெயர்ப்பின், அங்கு வாடினோர் துயரை நாமும் ஒருமுறை மறைத்தவராவோம்.