நூறைத் தாண்டும் கணக்கு

தேக்காவில் சில நாணயமாற்றுக் கடைகளில் ‘கமிஷன் இல்லை’ என்று அட்டை தொங்கும். அது பொய்யில்லை. ஆனால் அங்கே 100 வெள்ளியை ரூபாயாக மாற்றி, அடுத்த நிமிடமே அந்த ரூபாயைத் திரும்ப வெள்ளியாக்கிப் பாருங்கள். கைக்கு வருவது 100 வெள்ளியாக இருக்காது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் கடைக்காரரின் கூலி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

காற்பந்துப் பந்தயத்திலும் அப்படித்தான். சனிக்கிழமை இரவு வானொலி நிகழ்ச்சி செய்பவள் நான். ஆகஸ்ட் முதல் மே வரை எனக்கு வரும் குறுஞ்செய்திகளில் பாட்டைவிட ஸ்கோர்தான் அதிகம். பந்தயம் கட்டுபவர்களிடம் “இதுக்குக் கட்டணம் எவ்வளவு?” என்று கேட்டால், “கட்டணமா? அதெல்லாம் ஒண்ணும் இல்லையே” என்பார்கள். கட்டணம் இருக்கிறது. அது ஆட்ஸுக்குள்ளேயே கலந்திருப்பதால் தனியாகத் தெரிவதில்லை. புக்கிகள் அதை மார்ஜின் என்கிறார்கள்.

ஒரு நாணயத்தைச் சுண்டுவோம். தலைக்குப் பாதி வாய்ப்பு, பூவுக்குப் பாதி. இரண்டுக்கும் நியாயமான ஆட்ஸ் 2.00. அதாவது 10 வெள்ளி கட்டி ஜெயித்தால், போட்ட பணத்தையும் சேர்த்து 20 வெள்ளி கிடைக்க வேண்டும். ஆனால் அப்படிக் கொடுத்தால் கடை நடத்துபவருக்கு ஒரு காசும் மிஞ்சாது. எனவே 1.90 என்று போடுவார். ஜெயித்தவருக்கு 20க்குப் பதில் 19 வெள்ளி. அந்த ஒரு வெள்ளியை யாரும் கவனிப்பதில்லை, ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பவர் நிச்சயமாகக் கவனிப்பதில்லை.

காற்பந்தில் மூன்று முடிவுகள். ஓர் ஆட்டத்துக்குச் சொந்த மண்ணில் ஆடும் அணி ஜெயிக்க 1.80, சமநிலைக்கு 3.40, எதிரணி ஜெயிக்க 4.00 என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து 100ஐ ஒவ்வொன்றாலும் வகுத்துப் பாருங்கள். 55.6, 29.4, 25 என்று வரும். கூட்டினால் 110. உலகத்தில் எந்த ஆட்டத்திலும் நடக்கக்கூடியவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வாய்ப்பு 100 விழுக்காடுதானே? மிச்சமுள்ள 10தான் மார்ஜின். ஆட்ஸ் என்பது ஆட்டத்தின் முடிவைப் பற்றிய கணிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது விலை. கணிப்போடு கூலியும் சேர்ந்த விலை.

கடைக்காரருக்கு யார் ஜெயித்தாலும் கவலையில்லாமல் போவதும் இதனால்தான். இதே ஆட்டத்தில் மக்கள் மூன்று பக்கமும் முறையே 5,556, 2,941, 2,500 வெள்ளி கட்டியிருந்தால், அவர் கைக்கு வந்தது 10,997. எந்த முடிவு வந்தாலும் திருப்பித் தர வேண்டியது ஏறத்தாழ 10,000. மற்றது அவருக்கு. பணம் எப்போதும் இவ்வளவு அழகாகப் பிரிந்து விழாது. ஒரு பக்கம் குவிந்தால் ஆட்ஸை அசைத்து மறுபக்கம் இழுப்பார். சில ஆட்டங்களில் அவருக்கும் அடி விழும். ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் அது சமனாகிவிடும்.

என் சின்னம்மா மகனுக்கு 27 வயது, பொறியாளர். கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவன் இல்லை. காயம்பட்டவர்கள் பட்டியல், முந்தைய ஐந்து ஆட்டங்கள், மழை எல்லாம் பார்த்துத்தான் கட்டுவான். சனிக்கிழமை இரண்டு வெள்ளிக்கு 4டி எடுக்கும் தன் அம்மாவைக் கேலி செய்வான். “அது லக்கு அக்கா. இது நாலெட்ஜ்.” போன சீசனில் ஹேண்டிகேப் பந்தயம் மட்டும் 100 கட்டியிருக்கிறான், தலா 20 வெள்ளி. எல்லாம் எக்செல்லில் இருந்தது. 51 சரி, 49 தவறு.

“பாதிக்கு மேல சரி. அப்புறம் ஏன் காசு குறையுது?” என்று என்னிடம் கேட்டான். ஆட்ஸ் எல்லாம் 1.90ஐ ஒட்டியே இருந்ததால் அதையே வைத்துப் போட்டுப் பார்த்தோம். போட்டது 2,000. திரும்பி வந்தது 51 முறை 38 வெள்ளி, மொத்தம் 1,938. பாதிக்கு மேல் சரியாகச் சொன்னவனுக்கு 62 வெள்ளி நட்டம். 52 சரியாக இருந்தாலும் நட்டம்தான். 53 சரியானால்தான் 14 வெள்ளி லாபம்.

அவனுடைய நாலெட்ஜைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆஃப்சைட் விதியே எனக்கு அரைகுறைதான். ஆனால் அவன் படித்த அதே காயப் பட்டியலை ஆட்ஸ் போடுபவரும் படித்திருக்கிறார். அவரைவிட நன்றாகக் கணித்தால் மட்டும் போதாது, மார்ஜினையும் தாண்டும் அளவுக்கு நன்றாகக் கணிக்க வேண்டும். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மிகச் சிலர். பிரிட்டனில் தொடர்ந்து ஜெயிப்பவர்கள் கட்டக்கூடிய தொகையைப் பந்தய நிறுவனங்கள் குறைத்துவிடுவது ஊரறிந்த விஷயம்.

நட்டத்தை ஈடுகட்ட அவன் அடுத்து யோசித்தது மிக்ஸ் பார்லே. நான்கு ஆட்டங்களைக் கோத்து, நான்கும் சரியானால் பெரிய தொகை. 1.90ஐ நான்கு முறை பெருக்கினால் 13.03. பத்து வெள்ளிக்கு 130! கேட்க இனிக்கிறது. ஒவ்வோர் ஆட்டமும் பாதிக்குப் பாதி என்றால் நான்கும் சரியாக 16இல் ஒரு வாய்ப்பு. நியாயப்படி வர வேண்டியது 160. தனிப் பந்தயத்தில் 100க்கு 5 வெள்ளி கூலி கொடுத்தவன், பார்லேயில் 18 வெள்ளிக்கு மேல் கொடுக்கிறான். கோத்த ஒவ்வோர் ஆட்டமும் தன் கூலியைத் தனியாக வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் சின்னம்மாவின் 4டி? சிங்கப்பூர் பூல்சின் ‘பிக்’ பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, பத்து ஸ்டார்ட்டருக்குத் தலா 250, பத்து ஆறுதல் பரிசுக்குத் தலா 60. கூட்டினால் 6,590. எண்களோ பத்தாயிரம். ஆக, சராசரியாக வெள்ளிக்கு 66 காசு திரும்புகிறது, 34 காசு போகிறது. (அந்த மிச்சத்தில் ஒரு பகுதி டோட் போர்டு வழியாகச் சமூகப் பணிகளுக்குப் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி என்று பார்த்தால், தம்பியின் காற்பந்து மலிவு. இதைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

ஆனால் சின்னம்மா போடுவது வாரம் 2 வெள்ளி. அதில் போவது சராசரியாக 68 காசு, வருடத்துக்கு 35 வெள்ளிபோல. தம்பி வாரம் நான்கு ஆட்டத்துக்குத் தலா 20 வெள்ளி கட்டினால், ஆட்டத்துக்கு ஒரு வெள்ளி கூலி. பிரிமியர் லீக்கின் 38 வாரத்தில் 152 வெள்ளி. ஆட்டம் நடக்கும்போதே கட்டுவது, ஜெயித்ததை அப்படியே அடுத்ததில் போடுவது என்று ஆரம்பித்தால் இது எங்கேயோ போய்விடும். அவனுக்கு அடுத்த வருடம் கல்யாணம், பிடிஓ வீட்டுக்கு முன்பணம் சேர்க்க வேண்டும். போன மாதம் ஆட்டத்துக்கு 20ஐ 50 ஆக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான், “பாதிக்கு மேல சரியா சொல்றேனே” என்ற தைரியத்தில்.

டெலிகிராமில் வரும் இணையத்தளங்கள் இன்னும் நல்ல ஆட்ஸ் தருகின்றன என்பதும் அவன் வாதம். தரலாம். ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமமில்லாத இடத்தில் பந்தயம் கட்டுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வீட்டில் யாராவது கட்டும் தொகை ஏறிக்கொண்டே போனால், தேசிய சூதாட்டப் பிரச்சினை மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. தன்னைத் தானே விலக்கிக்கொள்ளவும் வழியுண்டு, குடும்பத்தார் விண்ணப்பிக்கவும் வழியுண்டு. தம்பிக்கு அதெல்லாம் இப்போது தேவைப்படவில்லை. எக்செல்லில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறான்: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று ஆட்ஸின் கூட்டுத்தொகை. போன வாரம் ஓர் ஆட்டத்துக்கு 112 வந்தது, கட்டவில்லை என்று செய்தி அனுப்பினான். இன்னோர் ஆட்டத்துக்கு 106. அதற்குக் கட்டியிருக்கிறான், 20 வெள்ளிதான்.