கோவைக் காற்றில் கொதிக்காத சூடு

கோயம்புத்தூரில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். நமக்கு வேண்டியதெல்லாம் குளிக்கச் சுடுதண்ணி.

தோட்டத்து வீடுகளில் பன்னாடையும் தென்னை மட்டையும் எரித்துத் தவலையில் காய்ச்சினார்கள். டவுனுக்குள் கரண்ட் கீசர் வந்தது, பிறகு கேஸ் கீசர். அதில் எரிவது சமையல் சிலிண்டரின் அதே புரொப்பேன், பியூட்டேன் கலவைதான். தண்ணி சட்டென்று சுடும். ஆனால், காற்றோட்டமில்லாத குளியலறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும். அதற்கு வாசமும் கிடையாது. குளியலறைக்குள் அதை மாட்டவே கூடாது என்பது என் கட்சி.

மாற்று, ஹீட் பம்ப். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சுடுவது எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருந்த சூடுதான் அங்கே வெளியேறுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையை வெளிக்காற்றிடம் காட்டி, அதன் சூட்டைத் தண்ணிக்கு ஏற்றுகிறது. கம்ப்ரசர் ஓட மட்டுமே கரண்ட் வேண்டும். 1850களிலேயே ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் இந்தத் தத்துவத்தை உப்புக் காய்ச்சப் பயன்படுத்தினார். பனி கொட்டும் நாடுகளில் காற்றிலிருந்து சூட்டை எடுக்க மெஷின் திணறும். கோவைக் காற்றோ வருடம் முழுக்க வெதுவெதுப்பு.

100 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 45க்கு ஏற்ற, கீசருக்குச் சுமார் இரண்டரை யூனிட் ஆகும். ஹீட் பம்புக்கு முக்கால் யூனிட் போதும். தினமும் இப்படிச் சுட வைத்தால் இரண்டு மாத பில்லில் 100 யூனிட் மிச்சம். யூனிட் ஆறேழு ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு நாலாயிரம் ரூபாய்தான் தேறும். மெஷின் விலையோ கீசரைப் போலப் பல மடங்கு. நாலு பேர் வீட்டுக்கு, மொட்டை மாடியில் வெயில் படுமானால், சோலார் ஹீட்டரே தேவலை.

ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, லாட்ஜ் கணக்கு வேறு. அங்கே தினமும் ஆயிரக்கணக்கில் லிட்டர் சுட வேண்டும். மாடியில் சோலாருக்கு இடமும் பற்றாது. டீசலிலும் கேஸிலும் பாய்லர் ஓட்டுகிறவர்கள் மாறினால் போட்ட முதல் சீக்கிரம் திரும்பும். மெஷின் வெளியேற்றும் குளிர்காற்றைச் சமையல்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டால் அதுவும் லாபம்.

ஆனி, ஆடிச் சாரலில் சோலார் படுத்துக்கொள்ளும். அதே மாதங்களில்தான் ஹீட் பம்புக்குக் கரண்ட் தரும் பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் முழுவீச்சில் சுற்றுகின்றன.

வாங்குகிறவர்கள் முதலில் தண்ணியைப் பாருங்கள். சிறுவாணித் தண்ணிக்குக் கவலையில்லை. போர்வெல் உப்புத் தண்ணியென்றால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். சாஃப்ட்னர் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.