ஏழு பாகையில் ஓர் அவதான நிலையம்
தனியாள் அமைக்கும் வான் அவதான நிலையத்துக்கு முதலில் வேண்டியது குவிமாடம் அல்ல, தொலைகாட்டியைத் தாங்கும் தூண். நிலத்தில் ஆழ இறக்கிய கொங்கிரீட் தூண் தளத்தைத் தொடாமல் தனித்து நிற்கவேண்டும். தொட்டால், பக்கத்தில் ஒருவர் கால் மாற்றி நின்றாலே கண்வில்லையில் வியாழன் துள்ளும். கூரைக்குத் தள்ளித் திறக்கும் தகரம் போதும்.

இலங்கையின் புளத்கொகுபிட்டியவில் சிக்கல் அச்சில் தொடங்குகிறது. விண்மீனைத் தொடர்ந்து திரும்பும் தாங்கியின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கவேண்டும்; அதன் சாய்வு ஊரின் அகலாங்குக்குச் சமம். இலண்டனில் 51 பாகை, இங்கே ஏறத்தாழ 7. அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். குளிர்நாட்டாருக்கென்று செய்த தாங்கிகள் பலவற்றின் திருகு அவ்வளவு தாழ இறங்காது. இறங்கினாலும், கிணற்றுத் துலாவின் பின்பாரம்போலக் குழாய்க்கு எதிரே நிற்கும் எடை முக்காலியின் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமோ மலைக்கும் றப்பர் மரங்களுக்கும் பின்னால். ஆகவே உச்சிக்கருகே ஒரு விண்மீனைப் பிடித்து, அது நழுவும் பக்கத்தைக் கவனிப்பார்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே என்றால் மேற்கே. நழுவல் நிற்கும்வரை திருத்தவேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

ஆனால் இதே அகலாங்கில் கோள்கள் தலைக்கு மேலே செல்வதால் இடையில் காற்று குறைவு, உருவம் அதிகம் நடுங்காது. கொழும்பில் 1867இல் பிறந்த படைப் பொறியாளர் பெர்சி மோல்ஸ்வர்த்துக்குத் திருகோணமலையில் அந்த வானம் வாய்த்தது. அங்கே 12½ அங்குல ஆடித் தொலைகாட்டியோடு சொந்த நிலையம் வைத்திருந்தார். தொலைகாட்டிக்கு அடுத்து அவருக்கு வேண்டியிருந்தது நல்ல மணிக்கூடு. பத்து மணித்தியாலத்துக்குள் ஒருமுறை சுழலும் வியாழன் நிமிடத்துக்கு 0.6 பாகை திரும்புகிறது. ஒரு புள்ளி வட்டின் நடுவைக் கடக்கும் நிமிடத்தைக் குறித்தால் அதன் நெடுங்கோடு தெரியும். பல இரவுகளின் குறிப்பை ஒப்பிட்டால் அங்கே முகில் நகரும் வேகமும் தெரியும். 1901 பெப்ரவரியில் அவர் கண்ட, தென் வெப்பவலயக் குழப்பம் எனப்படும் முகில் அமைப்பு 1939 வரை வியாழனில் தெரிந்தது. 1908இல் திருகோணமலையிலேயே அவர் காலமானார்.

தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் திருகோணமலை மலைமறைவில் வறண்டிருக்கும். மேற்குச் சரிவிலுள்ள புளத்கொகுபிட்டிய அப்போது நனையும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம்பக்கூடிய காலம். மற்ற மாதங்களில் எதிரி பூஞ்சணம். பாதுகாப்பு என்ற பெயரில் பாடசாலை அலுமாரியில் பூட்டப்படும் தொலைகாட்டி யாருக்கும் வானைக் காட்டாமலே அதற்கு இரையாகிறது. கண்வில்லைகளை ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடிய பெட்டியில் வைக்கலாம். அந்த மணிகளையும் இடைக்கிடை சூடாக்கி உலர்த்தவேண்டும்.