ஹோவன்வீப்புக் கோபுரங்கள்

வட அமெரிக்காவின் தென்மேற்கே, யூட்டா, கொலராடோ என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் உள்ளது ஹோவன்வீப்பு. பழங்குடியினர் மொழியில் அமைந்த இப்பெயருக்கு 'ஆளற்ற பள்ளத்தாக்கு' என்பது பொருள். 1874ஆம் ஆண்டில் அங்குச் சென்ற ஒளிப்படக் கலைஞர் வில்லியம் ஹென்றி ஜாக்சன் அதனையே இவ்விடத்திற்குப் பெயராக இட்டார். மேசா வெர்டேயின் குகை மாளிகைகளைக் காணப் பெருங்கூட்டம் திரள்கிறது. இங்கு வருவோர் சிலரே.

வறண்ட மேட்டுநிலத்தில் நடந்து செல்வோரின் காலடியிலேயே நிலம் திடீரெனப் பிளந்து, சிறு பள்ளத்தாக்காகிறது. அதன் விளிம்பில் கற்கோபுரங்கள் நிற்கின்றன. சில சதுரம், சில வட்டம், சில நாணேற்றிய வில் போன்ற வடிவின. மணற்கற்களைச் செதுக்கி, மண்சாந்திட்டு அடுக்கியவர்கள் பழைய பியூப்லோ மக்கள். அவர்களிடம் இரும்புக் கருவி இல்லை! இவை காவலுக்கோ, தானியம் சேமித்தற்கோ, ஞாயிற்றின் செலவை நோக்குதற்கோ என அறிஞர் பலவாறு கூறுவர். பயன் எதுவாயினும், நின்ற இடம் தெளிவானது. பள்ளத்தாக்கின் தலைப்பில், ஊற்று உள்ள இடத்தைச் சூழ்ந்தே அவை பெரிதும் எழுந்துள்ளன.

அவ்வூற்றின் இயல்பு அறியத்தக்கது. மேட்டில் பெய்யும் மழைநீர் மணற்பாறையினுள் இறங்கும். அடியிலுள்ள களிமண்பாறை அதனைத் தடுக்கும். தடையுண்ட நீர் பக்கவாட்டில் கசிந்து ஊற்றாகும். அம்மக்கள் மேட்டிலே சிற்றணைகள் கட்டி, ஓடும் நீரை நிறுத்தினர். மக்காச்சோளம், அவரை, பூசணி பயிரிட்டனர்.

மழை மிகுந்த ஆண்டில் மரத்தின் உள்வளையம் அகன்றும், குறைந்த ஆண்டில் ஒடுங்கியும் அமையும். இவ்வளையங்களைக் கொண்டு, 1276 முதல் 1299 வரை அந்நாட்டில் கடும் வறட்சி நிலவியதை அறிந்துள்ளனர். 'ஹோவன்வீப்புக் கோட்டை' எனப்படும் கட்டடத்தின் உத்தரம் ஒன்றோ 1277ஆம் ஆண்டைக் காட்டுகிறது. வறட்சி தொடங்கிய பின்னரும் அவர்கள் கட்டிக்கொண்டிருந்தனர்! ஊரைத் துறக்கும் எண்ணம் அன்று அவர்க்கு இல்லை போலும். எனினும் அந்நூற்றாண்டு முடியுமுன் அனைவரும் தெற்கு நோக்கிப் பெயர்ந்தனர். வறட்சி ஒன்றே காரணமன்று. மக்கட்பெருக்கமும் பூசலும் உடன் சேர்ந்தன என்பர்.

அவர்களை 'மறைந்துபோன இனம்' என்று எழுதுவாரும் உளர், அது பிழை. ஹோப்பி, ஜூனி முதலிய பியூப்லோ மக்கள் அவர்தம் வழித்தோன்றல்களே. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் இன்றும் வாழும் அவர்களுக்கு இது முன்னோர் இல்லம். ஆதலின் காண வருவோர் சுவர்மேல் ஏறுதல் கூடாது. உடைந்த பானையோடு ஒன்றையும் எடுத்துச் செல்லுதல் கூடாது. 1923ஆம் ஆண்டு முதல் இவ்விடம் அரசின் காப்பில் உள்ளது.